'எங்கே' தேடுவது? – ஃபைல் தேடலில் ஃபோல்டர் புகுந்த கதை

காமர்ஸ் படிக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள், கடைசியில் சொல்கிறேன்.

கணினியில் 'எதை' தேடுகிறோம் என்பதைவிட 'எங்கே' தேடுகிறோம் என்பதுதான் முக்கியம். இது என் கட்சி. 1970களில் யுனிக்ஸில் வந்த 'ஃபைண்ட்' கட்டளையில் முதலில் ஃபோல்டரைச் சொல்வோம், பிறகுதான் ஃபைல் பெயர். விண்டோஸ் 95-இல் அதுவே 'லுக் இன்' என்ற பெட்டியானது. 2001-இல் எக்ஸ்பி வந்தபோது தேடும் இடத்தில் ஒரு நாய்க்குட்டியும் உட்கார்ந்துகொண்டது. ஃபோல்டரைக் காட்டாவிட்டால் ஹார்டு டிஸ்க் முழுக்க மோப்பம் பிடிக்கும். நாம் டீ குடித்துவிட்டே வரலாம்!

2004 அக்டோபரில் கூகுள் டெஸ்க்டாப் வந்தது. எல்லா ஃபைலையும் முன்கூட்டியே படித்துக் குறித்து வைத்துக்கொள்ளும், அதனால் நொடியில் பதில். வேகம் சரி, ஆனால் பிரவுசிங் சென்டரில்? முன்னால் உட்கார்ந்தவர் பார்த்த பக்கம் அடுத்தவர் தேடலில் வந்து நிற்குமே! இந்தப் பயம் அப்போதே பேசப்பட்டது. ஆக, 'இந்த ஃபோல்டருக்குள் போகாதே' என்று சொல்லும் வசதியும் அவசியமாயிற்று. 2005-இல் வந்த ஆப்பிளின் ஸ்பாட்லைட்டில் அதற்கென்றே 'பிரைவசி' பட்டியல் உண்டு. கூகுள் டெஸ்க்டாப் 2011-இல் நிறுத்தப்பட்டுவிட்டது.

தமிழுக்கு இந்த வசதி இன்னும் பெரிய உதவி. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கல்யாணப் பத்திரிகை நம் கண்ணுக்குத்தான் தமிழ். கணினிக்கு அது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின் டாம், டாப் என்ற குறியீடுகள் வந்தன. 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. ஆனால் அதற்கு முன் அடித்தவை தானாக மாறிவிடவில்லை. யூனிகோடில் 'காணை' என்று தட்டினால் அந்த ஃபைல்கள் கிடைக்காது. 'காணை' என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்த ஃபோல்டர் இருந்தால் பிழைத்தோம்.

இப்போது நம்ம டேலிக்கு வருவோம். ஒவ்வொரு கம்பெனியின் கணக்கும் 10000, 10001 என்று வெறும் எண் போட்ட ஃபோல்டரில் இருக்கும். உள்ளே உள்ள ஃபைல் பெயர்களோ எல்லாக் கம்பெனிக்கும் ஒரே மாதிரி! பேக்கப் ஃபோல்டரை விலக்காமல் தேடினால் ஒரே கம்பெனி நான்கு முறை வரும். மார்ச் 31 அன்று ஆடிட்டர் பக்கத்தில் நிற்கும்போது அதில் எது இந்த வருடத்துக் கணக்கு என்று கண்டுபிடியுங்கள் பார்ப்போம்!