வோண்டில் ஆற்றங்கரைக் கொக்கு

வானொலியில் சொல்ல நேரம் போதாமற் போன ஒரு கதையை இங்கே எழுதுகிறேன்.

ஜனவரி 31 வருமான வரிக் கணக்குகள் முடிந்த மறு சனிக்கிழமை, அம்மாவைக் கூட்டிக்கொண்டு விம்பிள்டனில் ட்ராம் ஏறினேன். நாலாவது தரிப்பு பிப்ஸ் பிரிட்ஜ். இறங்கினால் மோர்டன் ஹோல் பூங்கா. அங்கே நாணல்களுக்கு நடுவே பலகைப் பாதை போட்ட ஒரு சதுப்பு நிலம் இருக்கிறது. எத்தனையோ வருடமாக அதன் பக்கத்தால் வேலைக்குப் போய் வந்தவன் நான். ஒரு நாளும் இறங்கிப் பார்த்ததில்லை.

பக்கத்தில் ஓடுவது வோண்டில் ஆறு. பெயரைச் சொன்னதும், "மாட்டு வண்டிலோ?" என்று அம்மா கேட்டார்.

கொஞ்சத் தூரம் நடந்திருப்போம். நாணல் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கொக்கு. கறுப்புச் சொண்டு, கறுப்புக் கால், மஞ்சள் பாதம். அம்மா நின்றுவிட்டார்.

"உது அரியாலைக் கடலில நிக்கிற கொக்கெல்லோ! எப்பிடி இஞ்ச வந்தது?"

அதே இனம்தான். பிரித்தானியாவில் அது முதன்முதலாகக் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தது 1996இல், டோர்செற் பக்கத்துப் பிரவுன்சீ தீவில். கணக்குப் பார்த்தால், எங்களில் பலர் அதற்கு மூத்த குடிகள்.

ஆனால் இந்தக் கரைக்கு எங்களுக்கு முன்பே அகதிகள் வந்திருக்கிறார்கள். 1685இல் பிரான்சின் பதினாலாம் லூயி மன்னன் புரட்டஸ்தாந்தரின் வழிபாட்டு உரிமையைப் பறித்தான். ஹியூகனோக்கள் எனப்பட்ட அம்மக்கள் பல்லாயிரக்கணக்கில் இங்கிலாந்துக்குத் தப்பி வந்தார்கள். 'ரெஃபியூஜி' என்ற சொல்லே அவர்களோடுதான் ஆங்கிலத்தில் நுழைந்தது. தபாலில் வந்த கடிதங்களில் நாங்கள் பார்த்துப் பயந்த அந்தச் சொல்லுக்கு முதற் சொந்தக்காரர் அவர்களே.

அவர்களில் ஒரு பகுதியினர் வோண்ட்ஸ்வேர்த்திலும் வோண்டில் கரையோரத்திலும் குடியேறினர். தொப்பி செய்தார்கள். பருத்தித் துணியை வெளுத்து அச்சடித்தார்கள். அந்த அச்சுத் துணிக்கு மாதிரி எங்கள் பக்கத்துச் சீத்தைதான். சோழமண்டலக் கரையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பனி ஏற்றி வந்த வண்ணத் துணிக்கு இலண்டனில் அவ்வளவு கிராக்கி. உள்ளூர் நெசவாளர் கொதித்தெழுந்தனர். 1700ஆம் ஆண்டுச் சட்டம் இந்திய அச்சுத் துணியைத் தடைசெய்தது. வெள்ளைத் துணி வரலாம், அச்சு இங்கே அடிக்கலாம் என்றாயிற்று. வோண்டில் கரைப் பட்டறைகளுக்கு வேலை பெருகியது. அந்தச் சீத்தையின் சிவப்புக்கு வேண்டிய சாயவேர் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும்கூடத் தோண்டப்பட்டது என்பதை அம்மாவுக்குச் சொன்னேன். "அப்ப எங்கட வேரும் இதுக்குள்ள இருக்கு" என்றார்.

1881இல் வில்லியம் மொறிஸ் தன் பட்டறையை இதே ஆற்றங்கரையில், மேர்ட்டன் அபியில் அமைத்தார். பழம் திருடும் குருவிகளை வரைந்து 1883இல் அவர் அச்சிட்ட 'ஸ்ட்ரோபெரித் திருடன்' துணி இன்றும் பேர்போனது. அதன் நீலம் அவுரி நீலம்.

தொழில் கொடுத்த ஆற்றைத் தொழிலே கெடுத்தது. 1960களில் இது வெறும் சாக்கடை. பிறகு துப்புரவு செய்தார்கள். 2007 செப்டெம்பரில் கழிவுநீர் நிலையம் ஒன்றிலிருந்து தவறி வந்த இரசாயனத்தால் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்தன. மறுபடியும் தொடங்கினார்கள். பாடசாலைப் பிள்ளைகள் வகுப்பறைத் தொட்டிகளில் ட்ரவுட் மீன் குஞ்சுகளை வளர்த்து ஆற்றில் விட்டார்கள். மீன் இருந்தபடியால்தான் கொக்கு நிற்கிறது.

ஹியூகனோக்களுக்கு என்ன ஆயிற்று? வோண்ட்ஸ்வேர்த் ஈஸ்ட் ஹில்லில் 'மவுண்ட் நொட்' என்ற அவர்களுடைய இடுகாடு இருக்கிறது. சந்ததிகள் இந்த நாட்டோடு கலந்துவிட்டார்கள். பெயர்கள் மிஞ்சின, வீட்டில் பேசிய பிரெஞ்சு மிஞ்சவில்லை.

அன்று இரவு மகளுக்குத் தொலைபேசியில், "கொக்குப் பார்த்தோம்" என்றேன். "கொக்கு எண்டால் என்ன அப்பா?" என்று கேட்டாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. போனை அம்மாவிடம் கொடுத்தேன். அரைமணி நேரம் பேசினார்கள்.

நேயர்களே, பூங்காவுக்குக் கட்டணம் இல்லை. அம்மம்மாவையும் பேரப்பிள்ளையையும் ஒன்றாகக் கூட்டிச் செல்லுங்கள். கொக்கை யார் முதலில் கண்டாலும், பெயரை அம்மம்மா சொல்லட்டும். மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.