தழும்புக்குத் தனிக் கணக்கு

பெங்களூர் மாநகரில் தமிழர் வாழ்வு வேரூன்றிய வரலாற்றை ஆராய்வோர் அல்சூர் ஏரிக்கரையை மறத்தல் இயலாது. சீரங்கப்பட்டணப் போருக்குப் பின்னர், 1809ஆம் ஆண்டளவில், ஆங்கிலேயர் இங்கே படைவீடு அமைத்தனர். மக்கள் அதனைத் 'தண்டு' என்று வழங்கினர். சென்னைப் படையைப் பின்பற்றி வணிகரும் கைத்தொழிலாளரும் தமிழகத்தினின்று வந்து குடியேறினர். 1780இல் இரண்டு அணிகளாகத் தோன்றிய 'மதராஸ் சாப்பர்ஸ்' என்னும் பொறியியற்படை, 1834இல் இவ்வூரைத் தன் நிலையமாகக் கொண்டது. பாலம் கட்டுதல், பாதை வகுத்தல், கண்ணிவெடி அகற்றுதல் ஆகியன அப்படையினரின் தொழில். முட்கம்பி வேலியைத் தகர்க்க 1912இல் இங்கு உருவான வெடிகுழாய், 'பெங்களூர் டார்பிடோ' என்று உலகெங்கும் பெயர் பெற்றது. 1944இல் இத்தாலி நாட்டில், தோழரைக் காக்கும்பொருட்டுக் கண்ணிவெடியின்மேல் வீழ்ந்து உயிர் நீத்து, ஜார்ஜ் கிராஸ் விருதுக்கு உரியவரான சுபேதார் சுப்பிரமணியனும் இப்படையினரே.

உயிர் நீத்தார்க்கு நடுகல் நாட்டுதல் நம் பழமரபு. ஆனால், செவியோ கண்ணோ காலோ குறைந்து உயிரோடு மீண்ட வீரனுக்கு நாடு ஆற்ற வேண்டிய கடன் யாது?

அவனுக்குரிய கடன் ஒன்றன்று, இரண்டு. சிப்பாய் ஒருவன் பதினைந்து ஆண்டு பணி புரிந்தால் ஓய்வூதியம் பெறுகின்றான். அஃது அவன் தந்த காலத்துக்கு உரியது. பணியின் காரணமாக உடற்குறை நேர்ந்தால் ஈட்டுத்தொகை பெறுகின்றான். அஃது அவன் இழந்த நலத்துக்கு உரியது. ஒன்றைப் பெற்றவனுக்கு மற்றொன்று எதற்கு என்று வினவுவது, நெல்லுக்கு விலை தந்தேன், வண்டிக்கூலி எதற்கு என்று கேட்பதை ஒக்கும்.

செல்வம் மிக்க அமெரிக்க நாடு இவ்வுண்மையை ஏற்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இரண்டையும் ஒருங்கே பெறலாகாது என்று 1891இல் அங்கே சட்டம் பிறந்தது. பின்னர், ஈட்டுத்தொகை வேண்டுவோர் அதே அளவு ஓய்வூதியத்தை விட்டுக்கொடுக்கும் நிலை வந்தது. இருபது ஆண்டு பணியும் ஐம்பது விழுக்காடேனும் ஊனமும் உடையார்க்கு, 2004இல் தொடங்கிப் பத்தாண்டில் இத்தடை படிப்படியாக நீங்கிற்று. அதற்குக் குறைந்த ஊனமுடையார்க்கு அவ்வழி இன்றும் திறக்கவில்லை.

நம் நாட்டு விதி இவ்வகையில் சிறந்தது. பணிக்கூறு, ஊனக்கூறு என்று இரண்டையும் அது பிரித்தே கணக்கிட்டது. ஊனம் பணியால் விளைந்ததாகவோ பணியால் மிகுந்ததாகவோ இருத்தல் வேண்டும். அளவு இருபது விழுக்காட்டுக்குக் குறைதலாகாது. முழு ஊனத்துக்கு இறுதிச் சம்பளத்தில் 30 விழுக்காடு. குறைந்த ஊனத்துக்கு அதற்கேற்பக் குறையும். போர்க்காயத்துக்கு இதனினும் மிகுதி.

ஆயினும் விதி வேறு, வழங்குதல் வேறு. ஐம்பதுக்குக் குறைந்த ஊனத்தை ஐம்பதாகவும், அதற்கு மேற்பட்டதை எழுபத்தைந்தாகவும், எழுபத்தைந்தைக் கடந்ததை நூறாகவும் கொள்ளலாம் என்னும் சலுகை 1996 முதல் நடைமுறைக்கு வந்தது. 40,000 ரூபாய் சம்பளத்தில் 20 விழுக்காடு ஊனமுற்றவர்க்கு ஊனக்கூறு 2,400 ரூபாய்; சலுகையால் அது 6,000 ஆகும். ஆனால் இடையில் வெளியேற்றப்பட்டோர்க்கே இச்சலுகை, காலம் முடித்து ஓய்வுற்றோர்க்கு இல்லை என்றது அரசு. காயத்தோடும் இறுதி நாள்வரை உழைத்ததே குற்றமாயிற்றுப் போலும்! 2014 டிசம்பர் 10ஆம் நாள், ராம் அவ்தார் வழக்கில் உச்சநீதிமன்றம் அவ்வேறுபாட்டை நீக்கியது. அதற்கு முந்திய ஆண்டில், தரம்வீர் சிங் வழக்கில், படையிற் சேருங்கால் குறை எதுவும் குறிக்கப்படாதவன் நலமுடையவனாகவே கருதப்படல் வேண்டும். பின் வந்த நோய் பணியால் அன்று என மெய்ப்பிக்கும் சுமை வீரனுடையது அன்று என்று அந்நீதிமன்றம் தெளிவுறுத்தியது.

இத்தீர்ப்புகளை அறியாத முதியோர் நம் தெருக்களிலும் உளர். ஆதலின், இல்லத்தில் முன்னாள் வீரர் உடைய அன்பர்கள், அவர்தம் பணிவிடுப்புப் புத்தகத்தையும் மருத்துவக் குழுவின் சான்றையும் எடுத்துப் படித்தல் நன்று. ஊன விழுக்காடும் காரணமும் அங்கே காணப்படும். ஐயமிருப்பின் மாவட்டப் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம். அங்கும் தீராதாயின், 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம் உண்டு. கருநாடகத்தார்க்கு அதன் கொச்சிக் கிளை உரியது. 2023 செப்டம்பருக்குப் பின் ஓய்வுற்றோர்க்குப் புதிய விதிகள் வந்துள்ளமையால், அவர்கள் அவற்றையே நோக்குதல் வேண்டும்.

ஈட்டுத்தொகை இரவலன்று, உரிமை. இதனை அறிந்தோர் அறியாதார்க்கு எடுத்துரைத்தல், படைவீட்டின் நிழலில் வளர்ந்த நம் தமிழ்க் குடிக்கு உரிய நன்றிக்கடனாகும்.