கிணற்றில் ஒரு பாகம்

எருமப்பட்டி கொல்லிமலையின் அடிவாரத்துப் புன்செய் ஊர். காவிரி வாய்க்கால் எட்டாத இந்த மண்ணில் வேளாண்மைக்குக் கிணறே கதி. இப்பகுதியின் பழைய கிரயப் பத்திரங்களில் நிலத்தோடு கிணற்றுப் பாகமும் எழுதப்பட்டிருப்பதை நாம் காணலாம். பங்காளிகள் முறை வைத்து இறைத்தார்கள். கவலை மாட்டின் வலுவே இறைப்பின் எல்லையாக இருந்தது.

தண்ணீரைச் சந்தையிடம் விடுவதா, அரசிடம் விடுவதா என்னும் வாதம் இன்று அடிக்கடி எழுகிறது. இவ்விரண்டையும் எதிரெதிராக நிறுத்துமுன் 1882-ஆம் ஆண்டை நாம் நினைவுகூர வேண்டும்.

அவ்வாண்டில் சென்னை மாகாணத்தில் இரண்டு செயல்கள் நிகழ்ந்தன. துங்கபத்திரை நீரைக் கர்நூல் - கடப்பை கால்வாய் வழியே உழவர்க்கு விற்று இலாபம் காண முயன்று நொடித்த தனியார் நிறுவனத்தின் கால்வாயை அரசு விலைக்கு வாங்கியது. முதலீட்டாளர்க்கு வட்டி உத்தரவாதம் அளித்திருந்ததும் அதே அரசுதான். அதே 1882-இல் வந்த இந்திய வசதியுரிமைச் சட்டம், வரையறுத்த ஓடையாகச் செல்லாத நிலத்தடி நீரைத் திரட்டிக் கொள்ளும் உரிமையை நிலவுடைமையாளருக்கு உறுதி செய்தது. மேல்நீர் அரசிடம் வந்தது. அடிநீர் பட்டாவோடு போயிற்று.

மாடு இறைத்த காலத்தில் அச்சட்டத்தின் கூர்மை எவரையும் குத்தவில்லை. மின்மோட்டார் வந்தது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் பாறையைத் துளைத்து ஆழத்திற்கு இறங்கின. 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1989-91 ஆட்சிக்காலத்தில் அனைவருக்கும் உழவு மின்சாரம் இலவசமாயிற்று. வறண்ட நிலத்தில் உழவன் நிமிர அது உதவியது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஆழமாகத் துளைக்க முதல் உள்ளவனிடம் நீர் சேர்ந்தது. பக்கத்துத் திறந்த கிணறு வற்றியது. வற்றிய கிணற்றுக்காரன் தண்ணீர் வண்டியை எதிர்பார்க்கும் நிலை வந்தது.

கிணறுகளைப் பதிவு செய்யவும் புதிய கிணறுகளுக்கு அனுமதி பெறவும் வகைசெய்த தமிழ்நாடு நிலத்தடி நீர்ச் சட்டம் 2003-இல் இயற்றப்பட்டது. நடைமுறை காணாமலே 2013-இல் நீக்கப்பட்டது.

ஆகவே தண்ணீர்ச் சந்தை அரசு இல்லாத வெளியில் தானே முளைத்ததன்று. அரசு எழுதிய சட்டமும் எழுதி நிறைவேற்றாத சட்டமும் சேர்ந்து வளர்த்த பிள்ளை அது. விற்பவன் யார், வாங்குபவன் யார் என்பதைச் சட்டமே முன்கூட்டித் தீர்மானித்துவிட்டது.

கூட்டுக் கிணற்றில் முறைநாள் இருந்தது. ஒருவன் மிகுதியாக இறைத்தால் கேட்க மற்றவனுக்கு வாயிருந்தது. எனினும் அங்கும் பாகம் நிலமுடையோர்க்கே. நிலமற்ற கூலியாளின் குடத்திற்கு எந்தப் பத்திரத்திலும் ஒரு வரி இல்லை. இனி எழுதப்படும் எந்த நீர்ச் சட்டமும் அந்த வரியிலிருந்து தொடங்கவேண்டும் என்பதே நம் எண்ணம்.