நாலு பவுண்டு சம்பளம், ஆயிரம் பவுண்டு விலை

கால்பந்து ஆட்டக்காரர்களோட சம்பளத்தைப் பார்த்து வாயைப் பிளக்கிறோம் இல்லையா? 1961 வரைக்கும் இங்கிலாந்தில் கதையே வேற மக்களே.

1901-ல வாரத்துக்கு 4 பவுண்டுக்கு மேல யாருக்கும் சம்பளம் தரக்கூடாதுன்னு ரூல் போட்டாங்க. இல்லைன்னா பணக்கார கிளப்புகள் நல்ல ஆளையெல்லாம் வளைச்சுப் போட்டுடுமாம். ஆனா ஆளை வாங்குற விலை? 1905-ல ஆல்ஃப் காமன்ங்கிறவரை மிடில்ஸ்பரோ, சண்டர்லேண்டிடம் 1000 பவுண்டு கொடுத்து வாங்கினாங்க. காசு முழுக்க பழைய கிளப்புக்கு. 1908-ல விலைக்கும் 350 பவுண்டு வரம்பு வெச்சுப் பார்த்தாங்க, சில மாசத்துல அதைத் தூக்கிட்டாங்க. சம்பள வரம்பு மட்டும் அசையலை!

1928-ல டேவிட் ஜாக்கை ஆர்சனல் வாங்கின விலை 10,890 பவுண்டு. அப்போ உச்ச சம்பளம் சீசன்ல 8, கோடையில 6. வருஷம் பூரா 8-னு வெச்சாலே 26 வருஷச் சம்பளம் (கால்குலேட்டர்ல ரெண்டு தடவை போட்டுப் பார்த்தேன்).

இதைவிடக் கொடுமை, ஒப்பந்தம் முடிஞ்சாலும் கிளப் விட்டாத்தான் வேற இடம் போகலாம். நம்ம ஐ.டி. ஆளுங்களுக்குச் சட்டுனு புரியும்: ரிலீவிங் லெட்டரும் கிடையாது, சம்பளமும் கிடையாது, வேற கம்பெனியிலும் சேர முடியாது! 1960-ல நியூகாசில் விடமாட்டேன்னதும் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் விளையாடுறதையே நிறுத்திட்டு மாசக்கணக்கா வேற வேலை பார்த்தார். கடைசியில ஆர்சனல் 47,500 பவுண்டு கொடுத்துக் கூட்டிட்டுப் போச்சு. அவரோ வழக்கை விடலை. 1963-ல நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், இந்த முறை நியாயமில்லாத தொழில் தடைன்னு தீர்ப்பு சொன்னார். என்னைக் கேட்டா, மனுஷனுக்குச் சிலையே வைக்கலாம்.

இதுக்கு நடுவுல ஜிம்மி ஹில் தலைமையில சங்கம் ஸ்ட்ரைக்குன்னு மிரட்ட, 1961 ஜனவரியில 20 பவுண்டு வரம்பு காலி. ஃபுல்ஹாம் உடனே ஜானி ஹெய்ன்ஸுக்கு வாரம் 100 பவுண்டு கொடுத்தது. ஒரே தாவல், அஞ்சு மடங்கு!

1995 போஸ்மன் தீர்ப்புல மிச்சமும் போச்சு. ஐரோப்பிய யூனியன் ஆட்டக்காரர் ஒப்பந்தம் முடிஞ்சா, யூனியனுக்குள்ள வேற நாட்டு கிளப்புக்கு விலையே இல்லாம போகலாம். விலை மிச்சமானா புது கிளப்புக்கிட்ட சம்பளம் கூட்டிக் கேட்கலாமே! 2001-ல சோல் கேம்ப்பெல் டாட்டன்ஹாம்ல இருந்து பரம எதிரி ஆர்சனலுக்குப் போனப்போ டாட்டன்ஹாமுக்குக் கிடைச்சது பைசா கிடையாது :-)

கடைசியில 2022-ல யூஈஎஃப்ஏ சம்பளம், வாங்குற விலை, ஏஜென்ட் கமிஷன் மூணையும் ஒரே கணக்குல கட்டிட்டாங்க. மூணும் சேர்ந்து வருமானத்துல முதல்ல 90%, அப்புறம் 80%, 2025-26-ல இருந்து 70%-ஐத் தாண்டக்கூடாது. மறுபடியும் வரம்புதான், ஆனா இந்தத் தடவை கிளப்போட கழுத்துல.