ஸ்பெயினில் ஜனநாயக மாற்றம் (1975–1982)

உள்நாட்டுப் போரில் வென்று 1939 முதல் ஸ்பெயின் தேசம் முழுவதையும் சர்வாதிகாரியாக ஆண்டுவந்த ஜெனரல் பிராங்கோ 1975 நவம்பர் 20ஆம் தேதி காலமானதும், அவராலேயே வாரிசாக நியமிக்கப்பெற்றிருந்த ஹுவான் கார்லோஸ் அரியணை ஏறினார். அந்நாள் தொடங்கி, 1982 அக்டோபர் தேர்தலில் சோஷலிஸ்டுக் கட்சி வென்று ஆட்சிப் பொறுப்பை ஏற்றது வரையிலான காலமே பொதுவாக ஜனநாயக மாற்றக் காலம் எனப்படுகிறது.

பழைய ஆட்சியின் சட்டங்களைக் கொண்டே அவ்வாட்சிக்கு முடிவு கட்டப்பட்டது இம்மாற்றத்தின் தனிச்சிறப்பு. மன்னரின் ஆசானாயிருந்து, பின்னர் கோர்ட்டெஸ் என்னும் சட்டசபையின் தலைவரான பெர்னாண்டஸ் மிராண்டா இவ்வுபாயத்தை வகுத்தார். 1976 ஜூலையில் பிரதம மந்திரியான அடோல்போ சுவாரெஸ், தாமே பிராங்கோவின் இயக்கத்தில் வளர்ந்தவராதலால், அச்சபையினரின் மனப்போக்கை நன்கறிந்து அதை நிறைவேற்றினார். அவ்வாண்டு நவம்பர் 18ஆம் தேதி, தங்கள் பதவிகளையே பறிக்கவிருந்த சீர்திருத்த மசோதாவை அச்சபையினர் 425 வாக்குகளுக்கு 59 என்ற கணக்கில் ஏற்றனர். பின்னர் நடந்த பொது வாக்கெடுப்பில் ஜனங்களும் பேராதரவு நல்கினர்.

1977 ஜனவரியில் மாட்ரிட் நகரின் அத்தோச்சா வீதியில் தொழிலாளர் வழக்கறிஞர் அலுவலகத்துக்குள் புகுந்த தீவிர வலதுசாரிகள் ஐவரைச் சுட்டுக் கொன்றபோது, பழிக்குப் பழி என்று கிளம்பாமல் கம்யூனிஸ்டுகள் பெருந்திரளாகக் கூடி மௌனமாக இறுதி ஊர்வலம் நடத்தினர். அக்கட்சியின் மீதிருந்த தடை ஏப்ரலில் நீக்கப்படுவதற்கு இப்பொறுமையே பெரிதும் துணைசெய்தது எனலாம். ஜூனில் தேர்தலும், 1978 டிசம்பரில் புதிய அரசியல் சாசனத்துக்கு மக்களின் சம்மதமும் தொடர்ந்தன.

1981 பிப்ரவரி 23 மாலை, புதிய பிரதமரைத் தேர்ந்தெடுக்க வாக்கெடுப்பு நடந்துகொண்டிருக்கையில், லெப்டினன்ட் கர்னல் தெஹேரோ ஆயுதந் தாங்கிய படையினருடன் சபைக்குள் புகுந்தார். கூரையை நோக்கி வேட்டுகள் கிளம்ப, உறுப்பினர்கள் ஆசனங்களுக்கடியில் பதுங்கினர். பதவி விலகும் பிரதமர் சுவாரெசும் கம்யூனிஸ்டுத் தலைவர் கர்ரில்லோவும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. முதிய ஜெனரலான துணைப் பிரதமர் குத்தியேரெஸ் மெல்லாதோ எழுந்துசென்று படையினரைக் கண்டித்தார். நள்ளிரவுக்குப் பின் மன்னர் இராணுவச் சீருடையில் தொலைக்காட்சியில் தோன்றிச் சாசனத்தின் பக்கம் நிற்பதாக அறிவித்ததும் கலகம் தளர்ந்தது.

இச்சாதனைக்குக் கொடுத்த விலை சிறிதன்று. 1977 அக்டோபரில் இயற்றிய பொதுமன்னிப்புச் சட்டம், சிறையிலிருந்த எதிர்ப்பாளர்களை விடுவித்ததோடு, மக்களை வதைத்த அதிகாரிகளையும் விசாரணையினின்று காத்தது. போரிலும் அதன் பின்னும் கொல்லப்பட்டுப் பெயரற்ற குழிகளில் கிடந்தோரின் உறவினர், அரசு உதவி பெற 2007ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வளவு நீண்ட மௌனம் நியாயமாகாது. பிராங்கோவின் சடலம் வீழ்ந்தோர் பள்ளத்தாக்கு நினைவாலயத்திலிருந்து 2019இல்தான் அகற்றப்பட்டது.