மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம்

தொடக்கக் கல்விக்கு ஆசிரியர்களை உருவாக்கவும், பணியில் இருப்பவர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி தரவும் இந்தியாவில் மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் நிறுவப்பட்ட அரசு நிறுவனம். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கூட்டி ‘டயட்’ என்றே ஆசிரியர்கள் சொல்வார்கள். 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையில் கருக்கொண்டு, 1987இல் மத்திய அரசின் நிதியுதவித் திட்டமாக நடைமுறைக்கு வந்தது. நாடு முழுவதும் 613 டயட்கள் இயங்குகின்றன. தமிழ்நாட்டில் இவை மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் கீழ் வருகின்றன.

ஆசிரியருக்கு யார் பயிற்சி தருவது, அதை வகுப்பறைக்கு எவ்வளவு அருகில் வைத்துத் தருவது என்ற கேள்விக்கு அரசு கண்ட விடைகளில் ஒன்றுதான் டயட். கேள்வி அதைவிட மிகப் பழையது. சென்னை மாகாணத்தில் அது கேட்கப்பட்ட விதம் தெரிந்தால்தான் இந்த நிறுவனத்தின் பலமும் பலவீனமும் விளங்கும்.

முன்வரலாறு

திண்ணைப் பள்ளி ஆசிரியர்களான அண்ணாவிகள் எங்கும் போய்ப் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். சட்டாம்பிள்ளையாக இருந்து சிறுவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து, பாடம் ஒப்பிக்கக் கேட்டுப் பழகியதே அவர்களுக்குப் பயிற்சி. ஐரோப்பிய முறையில் ஆசிரியர் பயிற்சிக்கென ஓர் இடத்தை 1716இல் தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷனின் சீகன்பால்கு ஏற்படுத்தினார். அது மிஷன் பள்ளிகளின் தேவைக்காக எழுந்தது.

சட்டாம்பிள்ளை முறை கடல் தாண்டிய கதை தனிச் சுவை உள்ளது. ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல் 1787இல் சென்னை வந்து, 1789 முதல் எழும்பூரில் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான காப்பகத்தை நடத்தினார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து, அதையே காப்பகத்திலும் செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்கள் அதை ஏற்று நடத்தவில்லை. பெல் அரிச்சுவடி வகுப்பை ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் ஒப்படைத்தார். மணலெழுத்தும் நடந்தது, வகுப்பும் நடந்தது. 1796இல் ஊர் திரும்பிய பெல், அடுத்த ஆண்டே லண்டனில் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரோடு அது பிரிட்டனில் பரவியது. இதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு, சொல்லலாம். ஆனால் அது பரவியதற்கு முதல் காரணம் மலிவு. ஓர் ஆசிரியரின் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை உட்காரவைக்க அது வழிசெய்தது.

சம்பளப் பேச்சை இங்கே நேராக எடுத்தவர் ஆளுநர் தாமஸ் மன்றோ. 1822இல் அவர் தொடங்கிவைத்த கணக்கெடுப்பில் சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருப்பதாகத் தெரிந்தது. ஆசிரியர்களின் மாத வருமானம் ஆறேழு ரூபாயைத் தாண்டவில்லை. அந்தக் கூலிக்குத் தகுதியுள்ளவர் வரமாட்டார் என்று 1826ஆம் ஆண்டுக் குறிப்பில் எழுதினார். கலெக்டர் ஆட்சிப் பகுதி ஒவ்வொன்றிலும் இரண்டு முதன்மைப் பள்ளிகள், தாசில்தார் வட்டம் ஒவ்வொன்றிலும் ஒரு பள்ளி, இவற்றுக்கான ஆசிரியர்களை ஆயத்தம் செய்யச் சென்னையில் ஒரு மையப் பள்ளி என்பது அவர் வகுத்த திட்டம். தலைநகரில் பயின்றவர் மாவட்டத்துக்கு, அங்கிருந்து வட்டத்துக்கு: பின்னாளில் கல்வித் துறை ‘அடுக்குமுறைப் பயிற்சி’ என்று அழைத்ததன் முதல் வரைபடம் இதுவே எனலாம். மறு ஆண்டே மன்றோ காலராவில் இறந்தார். வட்டப் பள்ளிகள் 1836இல் கைவிடப்பட்டன.

1854ஆம் ஆண்டின் உட் அறிக்கை ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளை வற்புறுத்தியது. 1856இல் சென்னையில் தொடங்கிய அரசு நார்மல் பள்ளி, பின்னர் சைதாப்பேட்டைக்குப் பெயர்ந்து ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. ஆனால் அது உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களின் கோட்டை ஆயிற்று. தொடக்கப் பள்ளிக்காரர்களுக்காகப் பேசியது 1882ஆம் ஆண்டின் ஹண்டர் குழு. ஒவ்வோர் ஆய்வாளரின் சரகத்திலும் உள்ள தொடக்கப் பள்ளிகளின் தேவையை அந்தச் சரகத்துப் பயிற்சிப் பள்ளிகளே நிறைவேற்றும்படி அவற்றைப் பரவலாக அமைக்க வேண்டும் என்றது அது. டயட் என்ற எண்ணத்தின் வேர் இங்கே இருக்கிறது. மரம் வர நூறாண்டு ஆனது.

இடையில் வந்தது ஆதாரக் கல்வி. 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த திட்டம், 1946 முதல் 1949 வரை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த தி.சு. அவிநாசிலிங்கத்தின் முனைப்பில் வேகம் பிடித்தது. நூற்பும் தோட்ட வேலையும் பாடமாக இருந்ததால் ஆதாரப் பயிற்சிப் பள்ளிகளுக்கு நிலம் வேண்டியிருந்தது. நிலம் கிராமத்தில்தான் கிடைத்தது. ஆதாரக் கல்வி வகுப்பறையில் நிலைக்கவில்லை. ஆனால் விடுதியோடும் மரங்களோடும் ஊருக்கு வெளியே இருக்கும் பயிற்சி வளாகம் என்ற பழக்கத்தை அது விட்டுச்சென்றது.

டயட் பிறந்த விதம்

டி.எஸ். கோத்தாரி தலைமையிலான கல்விக் குழு 1966இல் அளித்த அறிக்கை, பயிற்சி நிறுவனங்கள் பள்ளிகளிலிருந்தும் பல்கலைக்கழகங்களிலிருந்தும் துண்டாகிக் கிடப்பதைக் கடுமையாகச் சொன்னது. ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இரண்டு மூன்று மாதப் பணியிடைப் பயிற்சி வேண்டும் என்றது. லட்சக்கணக்கானவர்களுக்கு அதைத் தருவதற்கான அமைப்பு எதுவும் அப்போது இல்லை. டெல்லியில் 1961 முதல் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் இருந்தது. மாநிலத் தலைநகரங்களில் அதன் சாயலில் நிறுவனங்கள் எழுந்தன. அவற்றுக்குக் கீழே வெற்றிடம்.

அந்த வெற்றிடத்தை நிரப்பவே 1986 கொள்கை மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தது. அதே கொள்கை இன்னொன்றையும் சொன்னது: டயட்கள் வேரூன்ற வேரூன்ற, தரம் குறைந்த பயிற்சி நிறுவனங்கள் படிப்படியாக மூடப்படும். அது எப்படி முடிந்தது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

1989இல் வந்த வழிகாட்டி ஏடு டயட்டின் உடற்கூற்றை வகுத்தது. ஏழு பிரிவுகள். பணிமுன் பயிற்சி ஒன்று. பணியில் உள்ளோருக்கான பயிற்சியும் களத் தொடர்பும் ஒன்று. முறைசாராக் கல்விக்கும் வயதுவந்தோர் கல்விக்கும் மாவட்ட வள அலகு. பாடத்திட்டமும் மதிப்பீடும், கல்வித் தொழில்நுட்பம், பணி அனுபவம், திட்டமிடலும் மேலாண்மையும் ஆகியவை மற்றவை. காகிதத்தில் பார்த்தால் ஒரு சிறு பல்கலைக்கழகம். மாவட்டத்தின் பள்ளிகளை ஆராய்ந்து, அந்த மண்ணுக்கு ஏற்ற பாடப்பொருளைத் தானே ஆக்கும் என்பது எதிர்பார்ப்பு. நடைமுறையில் உயிரோடு நின்றவை முதல் இரண்டு பிரிவுகளே. ஆராய்ச்சி, செயலாய்வு என்ற பெயரில் ஆண்டுதோறும் ஏட்டில் ஏறியது.

தமிழ்நாட்டில் டயட்கள் அமைந்த ஊர்களின் பெயர்களைச் சொல்லிப் பார்த்தாலே ஒன்று புரியும்: மாயனூர், முனைஞ்சிப்பட்டி, வானரமுட்டி, குருக்கத்தி, தேரூர், மஞ்சூர், உத்தமசோழபுரம், களியாம்பூண்டி, காந்தி நிகேதன் ஆசிரமம் உள்ள தி.கல்லுப்பட்டி. மாவட்டத் தலைநகரங்கள் குறைவு. இருந்த அரசுப் பயிற்சிப் பள்ளிகளையே தரம் உயர்த்தலாம் என்று திட்டம் அனுமதித்ததால், பழைய வளாகங்கள் புதுப் பெயர் பெற்றன. கிராமத்துப் பள்ளிகள் பக்கத்தில் இருப்பது கற்பித்தல் பயிற்சிக்கு நல்லது. ஆனால் மாவட்டத்தின் மறுகோடியிலிருந்து ஐந்து நாள் பயிற்சிக்கு வரும் ஆசிரியைக்கு, கைக்குழந்தையோடு இரண்டு பேருந்து மாறி வருவது வேறு விஷயம். மாவட்ட எல்லைகளும் நகர்ந்துகொண்டே இருந்தன. கோயம்புத்தூருக்கென அமைந்த திருமூர்த்திநகர் 2009இல் திருப்பூர் மாவட்டத்துக்குள் போனது. வேலூருக்குரிய ராணிப்பேட்டை 2019இல் தானே ஒரு மாவட்டமானது.

பணிமுன் பயிற்சி என்பது பிளஸ் டூ முடித்தவர்களுக்கான ஈராண்டுப் பட்டயம், முன்பு டி.டி.எட்., இப்போது டி.எல்.எட். பாடக் குறிப்பு எழுதி, சார்ட் வரைந்து, அருகிலுள்ள பள்ளிகளில் பாடம் நடத்திப் பழகுவார்கள். வெளியூர் அனுப்பிப் படிக்கவைக்க வசதியில்லாத கிராமத்துக் குடும்பங்களின் பெண்களுக்குக் குறைந்த செலவில் ஓர் அரசு வேலைக்கான வழியாக இது இருந்தது. டயட்டின் சாதனையாக நான் முதலில் வைப்பது இதையே. கொள்கை ஏடுகளில் இது ஒரு நோக்கமாகக்கூட எழுதப்படவில்லை.

கீழே வந்த அடுக்குகள்

1994இல் உலக வங்கி நிதியோடு மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் தமிழ்நாட்டில் தருமபுரி, திருவண்ணாமலை, பழைய தென்னாற்காடு பகுதிகளில் தொடங்கியது. டயட் தொலைவில் இருக்கிறது என்று கருதிய இந்தத் திட்டம், ஒன்றியத்துக்கு ஒரு வட்டார வள மையத்தையும், சில பள்ளிகளுக்கு ஒரு குறுவள மையத்தையும் ஏற்படுத்தியது. பின்னர் வந்த அனைவருக்கும் கல்வி இயக்கம் அதை மாநிலம் முழுக்க விரித்தது. பயிற்சி தருவதற்கென்றே ‘ஆசிரியர் பயிற்றுநர்’ என்ற பணியிடம் உருவாயிற்று. பணமும் ஆளும் அந்தப் பக்கம் போயின. டயட்டை வலுப்படுத்தியிருக்க வேண்டிய இடத்தில், அதற்குக் கீழே இன்னோர் அடுக்கு கட்டப்பட்டது.

பயிற்சி இறங்கும் வழி எல்லோருக்கும் தெரிந்தது. சென்னையில் மாநிலக் கருத்தாளர்களுக்கு ஐந்து நாள். அவர்கள் மாவட்டத்தில் முதன்மைக் கருத்தாளர்களுக்கு மூன்று நாள். ஒன்றியத்தில் ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் என்று, நாள்கணக்கு ஒவ்வொரு முறையும் மாறினாலும் திசை ஒன்றே. வாய்க்கால் தண்ணீர் கடைமடைக்கு வருவதுபோல, வகுப்பறைக்கு வந்து சேரும்போது மிஞ்சுவது கொஞ்சம். பயிற்சிக் கட்டகத்தைப் படித்துக் காட்டுவதே பயிற்சி என்றாகிவிட்ட கூட்டங்களை உட்கார்ந்து பார்த்தவர்கள் அறிவார்கள். கேள்வி கேட்டால் கருத்தாளர் மேலே பார்ப்பார். அவருக்கும் அவ்வளவுதான் சொல்லப்பட்டிருக்கும்.

இதற்கு மாறான எடுத்துக்காட்டு செயல்வழிக் கற்றல். ஆந்திரத்தின் ரிஷிவேலியில் உருவான முறையை, எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 2003இல் கைக்கொண்டன. ஆசிரியர்கள் ரிஷிவேலிக்குப் போய், வகுப்பு நடப்பதை நேரில் பார்த்து, திரும்பி வந்து தாங்களே கற்றல் அட்டைகளை உருவாக்கினார்கள். ஆசிரியரிடமிருந்து ஆசிரியருக்கு என்று அது பரவியது. 2007-08இல் மாநிலம் முழுவதும் விரிந்தபோது அதுவும் அரசாணையாகி, அடுக்கில் இறங்கி, பல இடங்களில் சடங்கானது. ஒரு தலைமுறையின் பெரிய வகுப்பறை மாற்றத்துக்கு டயட் ஊற்றாக இல்லை என்பது கவனிக்கத்தக்கது. தொடக்க வகுப்புகளுக்கென 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்திலும் பாடப்பொருள் மாநில நிறுவனத்தில் உருவானது. டயட் அதைக் கடத்தும் கண்ணியாக நின்றது.

சரிவும் மறுபேச்சும்

தரம் குறைந்தவை மூடப்படும் என்ற 1986ஆம் ஆண்டின் வாக்குறுதி தலைகீழானது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 1995இல் சட்ட அதிகாரத்தோடு செயல்படத் தொடங்கிய பிறகும், அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தனியார் பயிற்சி நிறுவனங்கள் தமிழ்நாடெங்கும் முளைத்தன. பட்டயம் வைத்திருப்போர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் காத்துக் கிடந்தார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயமானது. 2012 ஜூலையில் தமிழ்நாட்டில் நடந்த முதல் தேர்வில் லட்சக்கணக்கானோர் எழுத, தேறியவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. வேலையும் அரிது, தேர்வும் கடினம் என்றானதும் பட்டயப் படிப்பின் மவுசு சரிந்தது. தனியார் நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மூடின. டயட்களிலும் இடங்கள் காலியாகக் கிடந்தன. விரிவுரையாளர் பணியிடங்கள் நெடுநாள் நிரப்பப்படாததும், ஒரே முதல்வர் கூடுதல் பொறுப்பில் இன்னொரு நிறுவனத்தையும் பார்ப்பதும் வழக்கமாயின.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரத் தொடர் பயிற்சியைச் சொல்கிறது. 2030க்குள் நான்காண்டு ஒருங்கிணைந்த பட்டமே குறைந்தபட்சத் தகுதியாக வேண்டும் என்றும் சொல்கிறது. இரண்டாவது நடைமுறைக்கு வந்தால் டயட்டின் ஈராண்டுப் பட்டயத்துக்கு இடமில்லை. பணியிடைப் பயிற்சியின் பெரும்பகுதி இணையவழிக்கு மாறிவருவதால், அந்தப் பக்கமும் டயட்டின் தேவை சுருங்குகிறது. இதற்கிடையே 2023 பிப்ரவரி வரவுசெலவு உரையில் டயட்களைச் சிறப்பு மையங்களாக்கப்போவதாக மத்திய அரசு அறிவித்து, 613ஐயும் கட்டம் கட்டமாக மேம்படுத்தும் திட்டத்தை எடுத்திருக்கிறது.

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்களும் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கல்வி உரிமைச் சட்டத்துக்கு முன்பே டயட்டில் பட்டயம் பெற்று, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடம் நடத்தி, ஒவ்வோர் ஆண்டும் வட்டார வள மையத்தில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டவர்கள் இதில் அடக்கம். தமிழ்நாடு அரசு அந்தத் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யக் கோரியது.