குடலைக் காணுதலும் திசுவை ஆராய்தலும்: வேலூர் ஸ்புரூ ஆய்வுகள் முதல் காப்ஸ்யூல் எண்டோஸ்கோப்பி வரை

முன்னுரை

நாட்பட்ட வயிற்றுப்போக்கைச் சித்த மருத்துவம் கிராணி எனக் குறித்து, கழிச்சலினின்று வேறுபடுத்துகிறது. அதன் காரணத்தைச் சிறுகுடலின் உட்சுவரிலேயே தேடும் முறை 1950களில் உருவானது. அம்முறையின் வளர்ச்சியில் காட்சியும் திசுவும் பெற்ற இடத்தையும், அவ்வரலாறு விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்திற்கு உணர்த்துவதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

காணாது எடுத்த குளிகை

1957இல் வில்லியம் கிராஸ்பி தம் துணையாளருடன் ஒரு குளிகையை அறிமுகப்படுத்தினார். மெல்லிய குழாயில் பிணைத்த அதனை நோயாளி விழுங்குவார். சிறுகுடலை அடைந்தமையை எக்ஸ்ரே காட்டியபின் குழாயின்வழிக் காற்றை உறிஞ்சினால், உள்ளிருக்கும் கத்தி உட்சுவரின் துணுக்கொன்றை வெட்டியெடுக்கும். குடலைக் கண்ணால் காணாமலே திசு கிடைத்தது.

1960களின் தொடக்கத்தில் வடஆர்க்காட்டு ஊர்களில் வெப்பமண்டல ஸ்புரூ கொள்ளைநோயாகப் பரவியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வெல்கம் ஆய்வுப் பிரிவைச் சார்ந்த செல்வின் பேக்கர், வி.ஐ. மாத்தன் முதலியோர் அதனை ஊர்தோறும் ஆராய்ந்தனர். நோயாளரின் குடலுறிஞ்சிகள் மழுங்கியிருந்தன. எனினும் நோயற்ற தென்னிந்தியரிடமும் மிதமான மாற்றங்கள் காணப்பட்டன. எனவே, மாற்றம் ஒன்றே நோய்க்குச் சான்றாகாது. உள்ளூரின் இயல்பு நிலையோடு ஒப்பிட்டே முடிவு காணவேண்டும் என்பது புலனாயிற்று. 1975இல் மின்னணு நுண்ணோக்கி ஆய்வும் நோயாளரையும் பிறரையும் ஒப்பிட்டே அமைந்தது.

கண்டும் எடுக்காத குளிகை

ஹாப்கின்ஸும் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் ஒளியிழைக் கற்றைவழி உருவத்தைக் கடத்தியமையை 1954இல் வெளியிட்டனர். கிராஸ்பியின் குளிகை வெளிவந்த அதே 1957இல் ஹிர்ஷோவிட்ஸ் வளையும் எண்டோஸ்கோப்பை விளக்கிக் காட்டினார். எனினும் சிறுகுடலின் நெடும்பகுதி அதற்கு எட்டவில்லை. அக்குறையை 2000இல் அறிவிக்கப்பட்ட, படமெடுக்கும் காப்ஸ்யூல் தீர்த்தது. 2001இல் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. ஆயின் அதனால் திசுவை எடுக்க இயலாது. முந்தைய குளிகை காணாமல் எடுத்தது. பிந்தையது கண்டும் எடுப்பதில்லை.

நாரோ பேண்ட் இமேஜிங்கும் உருப்பெருக்கமும் இணைந்த எண்டோஸ்கோப் இன்று குடலுறிஞ்சிகளின் வடிவத்தையே காட்டுகிறது. இருப்பினும் நுண்ணோக்கிப் பெருங்குடலழற்சியில் உட்சுவர் பெரும்பாலும் இயல்பாகவே தோன்றும். திசுவே அந்நோயை வெளிப்படுத்தும்.

முடிவுரை

பழைய தென்னார்க்காட்டினின்று 1993இல் விழுப்புரம் மாவட்டம் பிரிந்தது. 2010இல் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. உயர்பரிசோதனை இவ்வாறு அண்மைக்கு வரும்போது, கருவியின் நுட்பம் மட்டுமே அளவுகோலாகிவிடக்கூடாது. திண்டிவனத்திலிருந்து பரிந்துரைக்கப்படும் ஒருவரின் படம் இயல்பாக இருப்பதால் அவருக்கு நோயில்லை என முடிவுசெய்தல் பிழையாகலாம். மலப்பரிசோதனை, திசு எடுப்பு, நோயியலாளரின் கணிப்பு ஆகியன காட்சியோடு இணையவேண்டும். நோயற்றோரின் குடலையும் ஆராய்ந்த வேலூர் ஆய்வுகள் இவ்வட்டாரத்திற்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே.